கூண்டுக்குப் பூட்டு

கோழிக்கூண்டின் வாசலில், ஈரமண்ணில், ஒரு செருப்புத் தடம். பட்டாளத்தார் குனிந்து பார்த்தார். தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அவருடைய செருப்பு பழைய டயரை வெட்டி அவரே தைத்தது. லாரி போன மாதிரித் தடம் விழும். இது கடைச் செருப்பு.

"எதிரி உள்ளே நுழைஞ்சுட்டான்" என்றார்.

"யாருங்க?" மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"முட்டைத் திருடன்."

"முட்டை குறையலையே. வழக்கம்போல கூடை நிறைய இருக்கே."

"அதான் தந்திரம். கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா நமக்குத் தெரியாதுன்னு நினைக்கிறான்."

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இந்த நிலத்துக்கு வந்ததிலிருந்து, யார் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்பது அவர் சபதம். சோப்புகூட அவரே காய்ச்சுவார். அதைப் போட்டுக் குளித்தால் அழுக்கு போகும், கூடவே கொஞ்சம் தோலும் போகும். ஆனால் இந்த வெயிலில் தோட்டம் காய்ந்தது, ஆடு பால் வற்றியது. மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "கோழியும் கைவிட்ட அன்னிக்கு நிலத்தை வித்துட்டு எங்க வீட்டோட வந்துடணும்பா."

"கைவிடாது. எல்லாம் என் பயிற்சி" என்றார் பட்டாளத்தார்.

பயிற்சி என்றால் நிஜமாகவே பயிற்சிதான். விடிந்ததும் கூண்டு வாசலில் நின்று விசில் ஊதுவார். கோழிகள் வெளியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். அவை வரிசையில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. சிறகடித்துக்கொண்டு நாலா பக்கமும் ஓடும்.

"அந்த விசிலைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். அதுங்க மிரண்டு போய்க் கிடக்கு" என்பாள் மனைவி.

"மிரண்ட கோழியா இப்படி முட்டை போடும்? பாரு, ஒரு துளி எச்சம் கிடையாது. பளபளன்னு இருக்கு. ஒழுக்கம்டீ, ஒழுக்கம்!"

முட்டைகள் உண்மையிலேயே கழுவித் துடைத்த மாதிரிதான் இருந்தன.

அன்று மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. தினமும் வரும்.

"மாமா, இன்னிக்கு முட்டை வந்துச்சா?"

"வந்துச்சு, மாப்பிள்ளை."

"அப்பாடா! ரொம்ப சந்தோஷம், மாமா."

போனை வைத்த பட்டாளத்தாரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. "நம்ம கோழி முட்டை போட்டா இவருக்கு என்னடீ அவ்வளவு சந்தோஷம்?"

"நல்ல மனசு, விசாரிக்கிறாரு."

"விசாரிக்கலை, வேவு பார்க்கிறார். கூண்டு எப்போ காலியாகும்னு காத்துக்கிட்டு இருக்கார். திருடனை ஏவி விட்டதே அவரா இருக்கும்."

"ஐயோ பாவம்! போன தடவை நீங்க போய்த் தங்கின ஒரு வாரத்துல, அந்த மனுஷனை விடியறதுக்கு முன்னாடி எழுப்பி மாடிப்படியில ஓட விட்டீங்க. போர்வை மடிப்பு சரியில்லைன்னு காபியை நிறுத்தி வச்சீங்க. வாயைத் திறந்தாரா?"

"அதுக்குத்தான் இப்போ பழி வாங்குறார்."

மாலையே கூண்டைச் சுற்றிக் கம்பி இழுத்து, காலி டப்பாக்களைத் தொங்கவிட்டார். விடியற்காலையில் டமடமவென்று சத்தம். பட்டாளத்தார் தடியோடு ஓடினார். ஆள் ஓடிவிட்டான். கம்பிக்கு வெளியே தரையெல்லாம் உடைந்த முட்டை. கூண்டுக்குள் ஒன்றுகூட இல்லை.

"மொத்தமா வழிச்சுட்டான்! போற அவசரத்துல தடுக்கி விழுந்திருக்கான்."

"நாளைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்களே" என்று மனைவி கையைப் பிசைந்தாள்.

பட்டாளத்தார் தன் ராணுவப் பெட்டியின் பூட்டைக் கழற்றிக் கூண்டுக்குப் போட்டார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஈ, எறும்பு நுழைய முடியாது.

மறுநாள் காலையில் பூட்டைத் திறந்தார். பூட்டு உடையவில்லை, கம்பி அறுபடவில்லை. முட்டையும் இல்லை.

மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"உள்ளாள் வேலை."

"என்னையா சொல்றீங்க? உங்க சோப்பைப் போட்டுக் குளிச்சவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பட்டாளத்தார் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். கல் பொறுக்கி, வேலி கட்டி, கைப்பட உருவாக்கிய நிலம். இன்றோடு இது போய்விடும். இனி மகள் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, போட்டதைத் தின்ன வேண்டும். கூண்டை மறுபடி பூட்டினார்.

அப்போதுதான் வேலியோரம் ஒரு தலை தெரிந்தது. கையில் கூடை. கூடை நிறைய முட்டை! காலில் கடைச் செருப்பு!

பட்டாளத்தார் வயதை மறந்து பாய்ந்தார். ஒரே பிடி, சட்டைக் காலர் கையோடு வந்தது.

"மாட்டினியா! கையும் களவுமா மாட்டினியா!"

வாசலில் கார் வந்து நின்றது. மகள் இறங்கி ஓடி வந்தாள். பின்னால் வந்த மாப்பிள்ளை, கூடைக்காரனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார்! நல்லவேளை நீங்களே வந்துட்டீங்க!" என்று கூடைக்காரன் அலறினான்.

"கேட்டியாம்மா? உன் புருஷனோட ஆள்! நான் அப்பவே சொன்னேன். உங்கம்மா நம்பலை." பட்டாளத்தாரின் குரலில் போரை வென்ற கம்பீரம். "சொல்லுடா, எங்க முட்டையைத் திருடச் சொன்னது இவர்தானே?"

மாப்பிள்ளை வேண்டாம், வேண்டாம் என்று மாமனாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். கூடைக்காரன் அதைக் கவனித்தால்தானே!

"திருடவா? 'மாமா எங்க வீட்டுக்குக் குடிவந்துடக் கூடாது, தினம் அவர் கூண்டுல முட்டை வச்சுட்டு வந்துடு'ன்னு நீங்கதானே சொன்னீங்க, சார். இப்படிப் பூட்டைப் போட்டா நான் எங்க சார் வைக்கிறது?"