கீபோர்டுக்குச் சந்தனம் வைத்த சார்

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்முன்னால் இருக்கும் கோளாறை விட்டுவிட்டு, உள்ளே இல்லாத கோளாறைத் தேடுவான். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த காலத்தில், இரண்டாயிரங்களின் நடுவில், இலங்கை மலையகத்துப் பசறை டவுனில் ஒரு தனியார் கிளாஸில் கம்ப்யூட்டர் சாராக இருந்தேன்.

வகுப்பில் இருந்த ஒரே நல்ல கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவன் நான்தான். (“வைரஸே வராது” என்று ஊரெல்லாம் பீற்றியதும் நான்தான்.) சரஸ்வதி பூசையன்று அதற்கு மாலை போட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, கீபோர்டின் நாலு மூலைக்கும் பொட்டு வைத்தேன். தாராளமாகவே வைத்தேன்.

மறுநாள் காலை பெற்றோர் கூட்டம். பண்டாரவளைக் காய்கறி வியாபாரியான எங்கள் முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “வந்தவங்க மனசு நெறஞ்சு போகணும் தம்பி. இல்லேன்னா கிளாஸை மூடிட்டு இங்கயே கோவா, கேரட்டு விப்பேன்.”

முதலில் விக்னேஸ்வரியைக் கூப்பிட்டுப் பெயரை அடிக்கச் சொன்னேன். தன் பெயரை டபிள்யூவில் தொடங்கும் பிள்ளை அதைத் தட்டியதும் திரையில் இருந்த ஜன்னல் மூடிக்கொண்டது. திறந்தேன். மறுபடி தட்டினாள், மறுபடி மூடியது. நடராஜா ‘என்’ தட்டினால் புதுத் தாள் ஒன்று திறந்தது. சாந்தி ‘எஸ்’ தட்டினால் “சேமிக்கவா?” என்றது.

எந்தக் கீக்கு எந்த எழுத்து என்கிற கீ மேப்பிங்தான் குழம்பிவிட்டது என்று தீர்மானித்தேன். அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் என்று கீபோர்டை நாடு நாடாக மாற்றிப் பார்த்தேன். எந்த நாட்டுக்குப் போயும் ஓர் எழுத்துகூட ஒழுங்காக விழவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பக்கத்து அறையில் டைப்பிங் நடத்தும் கமலா டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“சார், இந்தக் கீ ஏன் அமுங்கியே கெடக்கு?”

இடது மூலையில் கண்ட்ரோல் கீ காய்ந்த சந்தனத்தில் ஒட்டிக் கிடந்தது. அது அமுங்கியிருந்தால் தட்டும் எழுத்தெல்லாம் கட்டளையாகிவிடும். டீச்சர் கொண்டை ஊசியால் அதை நெம்பிவிட்டார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு.

விக்னேஸ்வரி மறுபடி அடித்தாள். எழுத்துகள் விழுந்தன. ஆனால் டபிள்யூ வரவேண்டிய இடத்தில் இசட், ஏ வரவேண்டிய இடத்தில் கியூ. அவசரத்தில் கீபோர்டை பிரான்ஸிலேயே விட்டிருந்தேன்.

அவளுடைய அப்பா திரையைக் குனிந்து பார்த்தார். “இது என்னா பாஷைங்க சார்?”

மூளை நின்றுபோயிருந்ததால் உண்மைதான் வாயில் வந்தது. “பிரெஞ்சுங்க.”

“அடேங்கப்பா! எம் புள்ள பிரெஞ்சு அடிக்குதா!”

பிரெஞ்சு சேதி பரவி, அடுத்த வாரம் தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கிளாஸ் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. கமலா டீச்சர் பிற்பாடு என் மனைவியானாள். நான் மட்டும் ஊருக்கும் உறவுக்கும் ‘பிரெஞ்சு சார்’ ஆனேன். எவ்வளவு மறுத்தாலும், அடக்கம் என்றே நினைக்கிறார்கள்.

போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பாரிஸிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்காரத் தம்பதியையும் கூட்டி வந்திருந்தார். ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு போய் என்னை அவர்கள் நடுவில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா சிரித்தபடி நீளமாக ஏதோ கேட்டார். மண்டபமே என் வாயைப் பார்த்தது. நான் எழுந்துபோய்ச் சாம்பார் வாளியோடு திரும்பி வந்தேன்.

“பிரெஞ்சு சார் இன்னைக்கு லீவுங்க” என்று கமலா எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள்.