மாப்பிள்ளை மாட்டிய கொக்கி

இடுப்பில் மாட்டிய கொக்கி ஒரு கொய்யாக்காய் கனம்கூட இல்லை. சிவகணேஷ் அதை விரலால் தட்டிப் பார்த்தான்.

"இதுவா என்னைத் தாங்கப்போகுது?"

"இதேதான். கேரபினர்னு பேரு. அலுமினியம்," என்றாள் சித்ரலேகா.

பெண் பார்த்துவிட்டு வந்த மறுவாரமே அவள் போன் செய்து, "நான் வேலை பாக்குத இடத்தையும் ஒரு எட்டு பாத்துருங்களேன்" என்று கூப்பிட்டிருந்தாள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதில் ஏறக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. சிவகணேஷ் பாளையங்கோட்டையில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஸ்டூலில் ஏறி மின்விசிறியைத் துடைத்தாலே தலை சுற்றும். ஆனால் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. பயமென்று எந்த வாயால் சொல்வது?

"இரும்புல கனமா ஒண்ணு இல்லையா?"

"இருக்கே." முட்டை வடிவத்தில் ஓர் எஃகுக் கொக்கியை மாட்டினாள். இடுப்புப்பட்டை இறங்கியது. அவனுக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு. முட்டை வடிவத்துல பாரம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு விழும். ஒரு பக்கம் முழுக் கம்பி. மறுபக்கம் திறந்து மூடுத கதவு, அது பலம் கம்மி. முதல்ல மாட்டுனதுல பாரமெல்லாம் முழுக் கம்பிகிட்டயே ஒதுங்கிரும். அதான் கனமில்லாமலே தாங்குது."

"அப்போ அதையே போடுங்க!"

"போடலாம். கனம் குறையட்டும்னு அதோட பக்கவாட்டைக் குடைஞ்சு எடுத்திருக்காங்க, பாத்தீங்களா?"

"குடைஞ்சா?"

"பயப்படாதீங்க, அதனால ஒண்ணும் ஆகாது. கதவு திறந்துக்கிட்டாத்தான் பலம் மூணுல ஒரு பங்காக் குறைஞ்சிரும். குறுக்க திரும்பிட்டாலும் அப்படித்தான்."

"ரெண்டா மாட்டிருங்களேன்," என்றான் சிவகணேஷ், ஈனக்குரலில்.

"மாட்டலாம். ஒண்ணு இடிச்சு இன்னொண்ணோட கதவைப் பூட்டுத திருகு தளந்துராம பாத்துக்கிடணும்."

அவளோடு வேலை பார்க்கும் கருத்தையா, கயிற்றைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார்.

ஏறினான். கதவு திறந்துவிடக் கூடாதே என்று இடது கையால் இரண்டு கொக்கிகளையும் பொத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் ஏறினான்.

"ரெண்டு கையாலயும் பாறையைப் பிடிங்க!"

"கதவு திறந்துரும்!"

பனைமர உயரத்தில் கால் வழுக்கியது. "அம்மா!" என்று அலறியபடி அந்தரத்தில் தொங்கினான். பம்பரமாகச் சுற்றினான். ஊருக்கெல்லாம் பாலிசி போட்டுவிட்டுத் தனக்கு ஒன்று எடுக்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

கொக்கி அசையவில்லை.

"இறக்கிரட்டுமா?" கீழிருந்து சித்ரலேகா ஆசையாகக் கேட்டாள்.

குனிந்து பார்த்தான். தாமிரபரணி வெள்ளி அரைஞாண் போலத் தெரிந்தது. கீழே போவதைவிட மேலே போவதே மேல் என்று பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லியைப் போல ஒட்டி ஒட்டி உச்சிக்கே போய்விட்டான்.

கருத்தையா பைய இறக்கிவிட்டார். மண்ணைத் தொட்டதும் ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான். ஆனாலும் மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை.

"நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாரேன்."

சித்ரலேகாவின் முகம் விழுந்துவிட்டது. விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள்.

சிவகணேஷுக்குப் பாறையில் வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது. "என்ன அண்ணாச்சி, நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

கருத்தையா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"கல்யாணமே வேண்டாம்னு, பொண்ணு பாக்க வார மாப்பிள்ளைகளையெல்லாம் இந்தக் கொக்கியைக் காட்டித்தான் பாப்பா விரட்டிக்கிட்டு இருந்துச்சு தம்பி, ஏறித் தொலைச்சது நீங்க ஒருத்தருதான்!"