குடைக்கு ஒரு சட்டை

அன்பு மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம். அங்கே நீயும் சௌக்கியமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது, ஆகையால் வழக்கமாக எழுதும் அடுத்த வரியை விட்டுவிடுகிறேன். எனக்கு எழுத்து என்றால் சாக்பீஸால் துணிமேல் எழுதுவதுதான். தோள் இவ்வளவு, கை இவ்வளவு, அதோடு சரி. இருந்தாலும் உன் அக்கா பேனாவைக் கையில் திணித்து, "பாம்பின் கால் பாம்பறியும், உங்க மச்சானுக்கு நீங்கதான் எழுதணும்" என்று உட்காரவைத்துவிட்டாள். நான் எந்தப் பாம்பு என்று கேட்கவில்லை. நீ படிக்கப் போடுகிற மூக்குக் கண்ணாடி இங்கே அலமாரியில் கிடக்கிறது, எனவே இதை யாராவது ஒரு நர்ஸ்தான் உனக்குப் படித்துக் காட்டப்போகிறார். இடையில் சில வரிகள் காரமாக இருக்கும். படிக்கிற அம்மா மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காலையில் உன் வார்டிலிருந்து போன் வந்தது. "உங்க மச்சான் யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறார். கவுந்து படுங்கன்னா மல்லாந்து படுக்கறார். ஆக்சிஜன் மாஸ்க்கை நெத்தில ஏத்தி விட்டுக்கறார். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து வெச்ச டப்பா குடுத்தா, நான் என்ன சின்னக் குழந்தையான்னு ஓரமாத் தள்ளிட்டார்" என்று போன் செய்த நர்ஸ் சொன்னார். காரணம் கேட்டால், முகம் தெரியாதவர்கள் பேச்சை நீ கேட்கமாட்டாயாம். பெரிய டாக்டர் சொல்வது என்னவென்றால், இன்னும் சில நாள் நீ சொன்னபடி கேட்டால் மூச்சு தானாக வழிக்கு வந்துவிடும், கேட்காவிட்டால் உன் மூச்சை மெஷின்தான் விடவேண்டியிருக்கும். இதைக் கேட்டதிலிருந்து உன் அக்கா அடுப்படியில் நின்றபடியே அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இத்தனை வருஷமாக ஒரே கடையில் நான் துணி வெட்ட, நீ பட்டன் துளைக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைக்க, தினமும் சண்டை போட்டிருக்கிறோம். "சட்டைன்னா பட்டன்தான் அத்தான், மத்ததெல்லாம் வெறும் துணி" என்று நீ சொல்லாத நாள் கிடையாது. அந்தச் சண்டை இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன மாதம் இதே ஆஸ்பத்திரியில் இதே வார்டில் நான் கிடந்தபோது உன்னைவிட மோசமாக நடந்துகொண்டேன் என்பது உனக்குத் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே, நோய் தொற்றாமல் இருக்க வார்டு ஆட்கள் போட்டிருந்த வெள்ளை உடுப்பைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தலையிலிருந்து கால்வரை ஒரே பை. குட்டையானவருக்கும் நெட்டையானவருக்கும் ஒரே அளவு. கை இடுக்கில் ஒரு இழுப்பு, முதுகில் ஒரு பொதி, தைத்தவனைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்கவேண்டும். முகம் தெரியாது, கண்ணுக்கும் ஒரு கண்ணாடி. யார் யார் என்று தெரிவதற்காக நெஞ்சில் பேனாவால் பேரை எழுதிக்கொள்வார்கள். கண்ணாடி இல்லாமல் கிட்டத்து எழுத்து எனக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், ஊசியில் நூல் கோக்க உன்னைத்தானே கூப்பிடுவேன். சிலர் பேருக்குப் பதிலாகப் படம் போட்டிருந்தார்கள். மீன், ஏணி, கெட்டில் என்று வரிசையாக வந்து ஆளாளுக்கு ஒரு கட்டளை போட்டால் மனுஷனுக்குக் கோபம் வராதா? "கெட்டில் சொல்லி நான் கவுந்து படுக்கணுமா?" என்று கேட்டு மாஸ்க்கைக் கழற்றிவிட்டேன்.

அப்போதுதான் குடை வந்தார். நெஞ்சில் அழகாக ஒரு குடைப் படம், வளைந்த கைப்பிடியோடு. மற்றவர்களைப் போல என்னை அதட்டவில்லை. கட்டில் ஓரமாக வந்து நின்று, "பெரியவரே, நீங்க டெய்லராமே. இந்த உடுப்புல எங்க தப்பு, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். விடுவேனா? கை இடுக்கில் ஆரம்பித்தேன். "முதுகுப் பக்கம் எப்படி இருக்குன்னு பாருங்க" என்று திரும்பி நின்றார். பார்ப்பதற்காக நான் புரள, கூட நின்ற நர்ஸ் ஒரு கை கொடுக்க, முதுகுத் தையலைப் பற்றிப் பேசி முடிக்கும்போது நான் கவிழ்ந்து படுத்திருந்தேன், மாஸ்க்கும் மூக்கில் இருந்தது. என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு நேர்த்தியாக ஏமாற்றியவர் வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் எனக்கு ஒரே பதில்தான்: "குடையைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டபோதெல்லாம் வந்தார், அதுதான் அதிசயம். காலையில் ரத்தம் எடுப்பவர் குடை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டுபவர் குடை. தரை துடைப்பவர் குடை, சிலிண்டர் உருட்டிவருபவர் குடை, பந்து டப்பாவைக் கொடுத்து "இன்னும் ஒரு இழுப்பு, ரெண்டாவது பந்து ஏறப்போகுது" என்று உசுப்பேற்றுபவரும் குடை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஆள்தான் வேலை செய்கிறார், மற்றவர்கள் எல்லாம் படத்தை வரைந்துகொண்டு சும்மா உலாத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. (படிக்கிற அம்மா பொறுத்துக்கொள்ளவும்.) எனக்கு மனசு பொறுக்கவில்லை. பெரிய டாக்டர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு நாள், "அந்தக் குடையைச் சக்கையாப் பிழியறீங்களே, நீங்கல்லாம் எதுக்கு இருக்கீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொல்றது நியாயம்தாங்க, பாக்கறோம்" என்றார். திரும்பிப் போகும்போது அவர் தோள் குலுங்கியது. பாவம், நல்ல மனுஷன், சொன்னதும் உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்கு முந்தின நாள்தான் எனக்கு மிக மோசமான நாள். மதியம் சாப்பிட்டதும் மூச்சு கைவிட்டுப் போவதுபோல் இருந்தது. உன் அக்காவின் முகம் கண்ணுக்குள் வரவில்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம். குடை வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவசரத்தில் படம் சரியாக வரையவில்லை போலிருக்கிறது. "இது என்ன, காளான் மாதிரி இருக்கு?" என்று அந்த நிலையிலும் கேட்டேன். "குடைதாங்க, பேசாம மூச்சை இழுங்க" என்றார். வெயில் சாய்கிறவரை அந்தக் கையை விடவில்லை. நான் இன்று உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன் என்றால் அந்தக் கைதான் காரணம்.

இப்போது உன் அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நான் வீட்டுக்கு வந்த பிறகு கடையைத் திறக்கவில்லை, உனக்கும் ஏதேதோ சாக்குச் சொன்னேன், இல்லையா? அசதி என்றேன், கரண்டு என்றேன். உண்மை அது இல்லை. டேப் எடுக்காமல் வாசலில் ஏறுகிற ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்பவன் நான். அரை இஞ்சு பிசகாது. அந்தக் கண் எனக்குப் போய்விட்டது. காலையில் குடைக்குத் தோள் அகலம், மதியம் குறுகல். ஒரு நாள் நெட்டை, மறுநாள் என் இடுப்பு உயரம். ஒரு நாள் வலது கை, மறுநாள் இடது கை. குரலும் அப்படித்தான், சில நேரம் கனமாக, சில நேரம் பெண் குரலாக. நான் கேட்காமல் இல்லை. "மாஸ்க் மாத்தினா குரல் மாறுங்க" என்றார். தோள் ஏன் குறுகியது என்றதற்கு, "துவைச்சதுல உடுப்பு சுருங்கிடுச்சு" என்றார். ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற உடுப்பு எங்கே துவைப்பது, எங்கே சுருங்குவது? குடை பொய் சொல்லமாட்டார், ஆகவே என் கண்தான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன். காய்ச்சல் மூச்சை விட்டுவைத்துக் கண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கத்தரியை எடுத்தால் வெட்டாமலே திரும்ப வைத்துவிடுகிறேன். ஊரார் துணியை எந்தத் தைரியத்தில் வெட்டுவது, சொல்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று வராந்தாவில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். நான் வீல்சேரில் போய்க்கொண்டே ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்தேன். மீன் இருக்கிறது, ஏணி இருக்கிறது, கெட்டில் இருக்கிறது, குடை மட்டும் இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். "கைதட்ட மட்டும் எல்லாரும் வந்துட்டீங்க, வேலை செய்யற ஒருத்தரை உள்ளயே விட்டுட்டீங்களே" என்று கத்தினேன். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. ஜனங்களுக்கு வெட்கம் என்பதே இல்லை.

ஆகையால் நான் சொல்ல வருவது இதுதான். அங்கே குடை என்று ஒருவர் இருக்கிறார், அவரைக் கேள். அவர் சொன்னால் கவிழ்ந்து படு, அவர் கொடுத்தால் சாப்பிடு. மற்றவர்களைப் பற்றிக் கவலைப்படாதே. அவருக்கு ஒரு சட்டை தைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் நல்ல துணியாக எடுத்து வைத்தும் இருக்கிறேன், அளவுதான் தெரியவில்லை. உனக்குத் தூரத்துப் பார்வை நன்றாக இருக்கிறது. தோளை மட்டும் பார்த்துச் சொல்லி அனுப்பு.

பிள்ளைகள் மாமா எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். உன் அக்கா உனக்காக வேண்டிக்கொள்ளாத நேரம் இல்லை. நூலும் ஊசியும்போல நீயும் நானும் இன்னும் வெகுகாலம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட நமக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும்
அத்தான்

பின்குறிப்பு: இதை மட்டும் ஆஸ்பத்திரி வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து, இரவல் பேனாவில் எழுதுகிறேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கவரை நீட்டி, "இதைக் குடை கையிலதான் குடுக்கணும், வேற யார்கிட்டயும் வேண்டாம்" என்றேன். "எந்தக் குடைங்க?" என்றார். "இருக்கிறது ஒரே குடைதானே" என்றேன். அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்து, "ஐயா, அந்த டெய்லர் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போன் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே வந்து நின்றது. அந்த வெள்ளைப் பை உடுப்பு இல்லை, வாயை மூடிய மாஸ்க் மட்டும்தான். உன்னைப் பற்றிப் போன் செய்த நர்ஸ்தான் விஷயத்தைச் சொன்னார். "முதல் குடை வீல்சேர் தள்றவருங்க. மழை இல்லாத நாள்லயும் குடையோட வருவார், அதான் அந்தப் பேரு. உங்களைக் கவுத்துப் போட்டது அவர்தான். மறுநாளே அவருக்குக் காய்ச்சல், பக்கத்து வார்டுல படுத்துட்டார். நீங்க மாஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டுக் குடை குடைன்னு பிடிவாதம். அவருக்கு உடம்பு முடியலைன்னு சொன்னா நீங்க மனசு விட்டுடுவீங்க. டீ குடிக்கிற எடத்துல எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். உங்க கட்டிலுக்கு யார் போனாலும் குடை வரைஞ்சுக்கிட்டுத்தான் போகணும்." நான் வீடு திரும்பிய அன்று எல்லாரும் ஒன்றாக நிற்கவேண்டியிருந்ததால் யாரும் குடை வரையவில்லையாம். அத்தனை குடையை ஒரே வராந்தாவில் பார்த்தால் எனக்கு மறுபடியும் மூச்சு நின்றிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள். முதல் குடை தேறி வேலைக்கு வந்துவிட்டார், அவரும் நின்றார். ஓரமாக நின்ற பெரிய டாக்டர், "எனக்குப் படம் வராதுங்க. காளான் நான்தான்" என்றார். மதியம் முழுக்க என் கையைப் பிடித்திருந்தவரைப் பார்த்து, மறுநாளே நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

அப்புறம்தான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. தோள் மாறியது உண்மை, உயரம் மாறியது உண்மை, குரலும் உண்மை. அப்படியானால் என் கண்? அவர்களை வரிசையாக நிற்கச் சொன்னேன். வீல்சேர்க்காரர் பத்தொன்பது, டாக்டர் பதினெட்டு, இடது தோள் கொஞ்சம் இறக்கம், தரை துடைக்கும் அம்மா பதினைந்தரை, போன் செய்த நர்ஸ் பதினாலு என்று கடைசி ஆள்வரை சொன்னேன். பையில் இருந்த டேப்பைத் தடுப்புக்கு அடியில் தள்ளினேன். ஒருவரை ஒருவர் அளந்து பார்த்துக்கொண்டார்கள். அரை இஞ்சு பிசகவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை.

ஆகவே மேலே எழுதியதில் உன் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம் என்பதைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிடு. குடையைத் தேடாதே. "உங்க மச்சான் எந்தப் படத்துக்கு மசிவார்?" என்று கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இதைப் படிக்கிறவரின் நெஞ்சைப் பார். நாலு துளை பட்டன் ஒன்று இருக்கும். ஒருவர் மூன்று துளை போட்டார், நான்தான் திருத்தவைத்தேன். இனி உன் கட்டிலுக்கு யார் வந்தாலும் பட்டனோடுதான் வருவார்கள். இது ஏமாற்று என்று தெரிந்தே ஏமாறு, நான் தெரியாமல் ஏமாந்ததற்கே உயிர் மிஞ்சியது. நாளைக்குக் கடை திறக்கிறேன். ஒரு சட்டை என்று நினைத்தது ஒரு வார்டுக்கே சட்டை ஆகிவிட்டது, அத்தனைக்கும் காஜா எடுக்க எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. கவிழ்ந்து படு.