தூக்கப்பட்ட வீடியோவும் ஊசி போட்ட அறுநூறு ஆடுகளும்

வல்லத்திராக்கோட்டை,
புதன்கிழமை.

அன்பு மாப்பிள்ளை வெற்றிசெல்வனுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் திருப்பதி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காள் பிரகதாம்பாளும் நாலு ஆடுகளும் சுகம். சென்னையில் நீயும் உமாவும் உங்கள் கம்ப்யூட்டர்களும் சுகமாக இருக்கத் திருக்கோகர்ணத்து ஆத்தாள் துணை. போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குத் தபால் என்று நீ கேட்பாய். தபாலை எடுத்து வருகிறவர் நடுவழியில் பிரித்துப் படித்து, "இதில் ஆட்சேபகரமான சொல் இருக்கிறது" என்று கிழித்துப் போடமாட்டார். அந்த நம்பிக்கை எனக்கு இப்போது வேறு எதன்மேலும் இல்லை.

கால்நடை ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபிறகு நான் ஆடு வளர்ப்பு பற்றி வீடியோ போடத் தொடங்கியபோது நீ சிரித்தாய். "மச்சான், நீங்க பேசுறத ஆடுதான் பாக்கணும்" என்றாய். நான் மறக்கவில்லை. அப்படியும் நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் முந்நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன மாதம் கறம்பக்குடிச் சந்தைக்குப் போனவன், மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்துகொண்டு நின்ற இரண்டு குட்டிகளைப் பார்த்துவிட்டேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அதற்குப் பெயர் ஆட்டுக்கொல்லி நோய். நான் வைத்த பெயர் இல்லை, அரசாங்கப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வந்தால் பட்டியோடு போகும். ஒரே தடுப்பூசியில் தடுத்துவிடலாம், ஆனால் வருமுன் போடவேண்டும். நம்முடைய கால்நடை டாக்டர் வித்யாவிடம் ஓடினேன். அந்தப் பெண் சுறுசுறுப்பானவள். அடுத்த வெள்ளிக்கிழமை கண்மாய்க்கரையில் முகாம் என்று உடனே நாள் குறித்துவிட்டு, "சார், நோட்டீஸ் ஒட்டுனா யாரும் படிக்க மாட்டாங்க. நீங்க வீடியோவுல சொல்லுங்க" என்றாள். அன்று மாலையே பேசினேன். தலைப்பு, "ஆட்டுக்கொல்லி வருகிறது! வெள்ளிக்கிழமை தயாராகுங்கள்!"

இருபது நிமிடத்தில் வீடியோக் கம்பெனிக்காரர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள் மாப்பிள்ளை. ஆட்டைக் கொல்லத் தூண்டினேனாம். இன்னொரு முறை செய்தால் என்னையே நிரந்தரமாக நீக்குவார்களாம். முப்பத்திரண்டு வருடம் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த கை இது! மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கினேன். முதலில் நான் மனிதன்தானா என்று கேட்டது. ஒன்பது படம் காட்டி அதில் சைக்கிள் எங்கே என்றது. பாதிச் சக்கரம் தெரிந்த ஒரு படத்தைச் சைக்கிள் என்று எடுப்பதா விடுவதா என்று நானும் உன் அக்காளும் வாக்குவாதப்பட்டு, ஒருவழியாக மனிதன் என்று நிரூபித்தபின், நான் நாலு பக்கத்துக்கு நோயின் வரலாறு எழுதி அனுப்பினேன். நாற்பது விநாடியில் பதில் வந்தது: நன்றாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. ஆடுகூட ஒரு வாய்ப் புல்லை அதைவிட அதிக நேரம் அசைபோடும்.

இதுவாவது பரவாயில்லை. டீக்கடைக் கருப்பனிடம் யாரோ அனுப்பிய ஒரு வீடியோ இருந்தது. பின்னால் பேய்ப்படச் சத்தம், முன்னால் முகம் தெரியாத ஆள். அந்த ஊசி போட்டால் ஆடு மலடாகும், ஊசி வழியாக உடம்பில் சிப்பு வைக்கிறார்கள், ஆடு எங்கே நிற்கிறது என்று வெளிநாட்டுக்காரன் பார்ப்பான் என்று அதில் சொல்லியிருந்தது. பச்சைப் பொய். அதைப் பல லட்சம் பேர் பார்த்திருந்தார்கள், ஒருத்தரும் தூக்கவில்லை. என் வீடியோ போனதும் கருப்பனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "ஊசி நல்லதுன்னா நம்ம சாரு வீடியோவ எதுக்குத் தூக்குனாய்ங்க? உள்ள என்னமோ இருக்கு" என்றான். ஊரே தலையை ஆட்டியது. மெய்யைத் தடுத்தால் மெய் போவதோடு நிற்பதில்லை, தடுத்ததே பொய்க்குச் சாட்சியாகிவிடுகிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். வெள்ளிக்கு இன்னும் மூன்றே நாள்.

அப்போதுதான் உன் அக்காள் ஒரு யோசனை சொன்னாள். "மெசினுக்குத் தெரியாத பேரா வச்சுப் பேசுங்களேன்." சரி என்று நோய்க்கு விருந்தாளி என்றும் ஊசிக்குக் காபி என்றும் பெயர் வைத்து, ஆட்டைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே, "ஊருக்கு விருந்தாளி வருகிறார், உங்கள் ஆட்டுக்கு மறக்காமல் காபி கொடுங்கள்" என்று பேசினேன். எந்தத் தடையும் இல்லாமல் போனது. கீழேயே ஒரு காபித்தூள் விளம்பரமும் வந்தது. மறுநாள் விடிந்ததும் வாசலில் அழகி நிற்கிறாள். பதினெட்டு ஆடு வைத்திருக்கிறாளே, தெற்குத் தெரு அழகி, அவள்தான். கையில் ஒரு கிடா. அது நின்ற இடத்தில் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தது.

"ஏன்யா, பால் ஊத்திக் குடுக்கணுமா, கடுங்காப்பியாவே குடுக்கணுமான்னு ஒழுங்காச் சொல்லக் கூடாது? ஒரு சொம்பு குடிச்சுப்புட்டு இது ராத்திரி பூரா என்னைத் தூங்கவிடல!"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவளை உட்காரவைத்து, கிடாயின் வாயைத் திறந்து காட்டி, நோய் எங்கே தொடங்கும், எப்படிப் பரவும், ஊசி உள்ளே போய் என்ன செய்யும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "இத மொதல்லயே நேருல வந்து சொல்லியிருந்தா ஒரு சொம்பு காப்பி மிச்சம்ல?" என்றாள். கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. பிறகு கிடாயை இழுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏ கருப்பா, சிப்பு வச்சா ஆடு எங்கிட்டு நிக்கிதுன்னு தெரியுமாமே?"

"ஆமாத்தா. அமெரிக்காவுல உக்காந்து பாப்பான்."

"அவனுக்கே தெரியுமின்னா நமக்குந் தெரியும்ல? எங் கிடா தெனமும் காணாமப் போவுது. தேடித் தேடிக் காலு வீங்கிப்போச்சு. எனக்கு ரெண்டு சிப்பா வைக்கச் சொல்லு!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், "எனக்குங்கூட வேணும், போன வருசம் ரெண்டு களவு போச்சு" என்றான். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்மாய்க்கரையில் தரை தெரியவில்லை மாப்பிள்ளை, ஆடுதான் தெரிந்தது. ஆட்டோவில் வந்த ஆடு, டிவிஎஸ் வண்டியில் மடியில் உட்கார்ந்து வந்த ஆடு. கருப்பனே மூன்று ஆட்டோடு வரிசையில் நின்றான். டாக்டர் வித்யா, "சார், என்ன சொல்லிக் கூப்ட்டீங்க? எல்லாரும் எந்தக் காதுல சிப்புன்னு கேக்குறாங்க" என்றாள். பேசாமல் இருந்தால் அத்தனை ஆட்டுக்கும் ஊசி போட்டுவிடலாம். ஆனால் இந்த முறை பொய்யால் ஊசி போட்டால், அடுத்த முறை யாரும் நம்பி வரமாட்டார்கள். மைக்கை வாங்கி, "இதில் சிப்பு கிடையாது. நோய் வராமல் தடுக்கிற மருந்து மட்டும்தான் இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் போகலாம்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முணுமுணுத்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் கயிற்றைத் திருப்பினார்கள்.

அழகி திரும்பிப் பார்த்தாள். "எங்கிட்டுப் போறீக? தூக்கிட்டு வந்த ஆட்டச் சும்மா தூக்கிட்டுப் போறதுக்கா வந்தீக? அந்தாளு பொய் சொல்லணும்னா இப்ப வாயத் தொறந்திருப்பாரா? போடு தாயி, எங் கிடாய்க்கு மொதல்ல போடு!"

ஒருத்தரும் போகவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு ஆடு! முகாம் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் நோய் வந்து போய்விட்டது, நம் ஊரில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. போன ஞாயிறு ஊரே கூடி எனக்கும் டாக்டருக்கும் அழகிக்கும் துண்டு போட்டார்கள். திங்கட்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்தும் கடிதம் வந்தது: தவறுதலாக நீக்கிவிட்டோம், வருந்துகிறோம், வீடியோவைத் திருப்பி வைத்துவிட்டோம். நான் ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை! இனி என் கொள்கை இதுதான்: யார் எதை வேண்டுமானாலும் பேசட்டும். கருப்பனும் பேசட்டும். தப்பாகப் பேசினால் நேரில் போய்ப் பதில் சொல்வோமே தவிர, ஒருத்தர் வாயை இன்னொருத்தர் பொத்துவது அறிவியலுக்கும் அழகில்லை, மனிதனுக்கும் அழகில்லை. இதை உன் ஆபீஸில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

உமாவுக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் இருவரும் பட்டி பெருகி, பால் பொங்கி வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்
திருப்பதி.

பி.கு.: ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அன்று நான் மைக்கில் உண்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓர் ஆடு என் வேட்டியைப் பிடித்து இழுத்து, முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கருப்பன் அதைப் படம் பிடித்து நேற்றுப் போட்டிருக்கிறான். பதினோரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இதையெல்லாம் அனுமதிப்பதற்கு ஓர் அளவில்லையா? புகார்ப் பொத்தானை நானும் உன் அக்காளும் நேற்றே அமுக்கிவிட்டோம். உன் ஆபீஸில் மொத்தம் எத்தனை பேர்?