தை வரைக்கும் தாங்குமா என் தோல்?

ஆர்.கே.புரம், புது தில்லி
11-11-2007

மன்னார்குடி அத்திம்பேர் ஜகந்நாதன் அவர்களுக்கு மைத்துனன் பட்டாபி அநேக நமஸ்காரம். இங்கே அனந்தலக்ஷ்மி, ஷ்ரேயா, நான் எல்லோரும் சௌக்கியம், நடுவில் ஒரு மாதம் என் தலை நீங்கலாக. அங்கே அக்காவும் நீங்களும் தீபாவளியை நன்றாகக் கொண்டாடியிருப்பீர்கள்.

தை மாதம் ஷ்ரேயா கல்யாணத்தில் மணையில் உட்காரும்படி உடம்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பதினோரு வருஷமாக இந்த சோரியாசிஸோடு நான் படுவது உங்களுக்குத் தெரியும். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன், இது தொற்றாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவான். கன்னிகாதானத்துக்கோ வெற்றுடம்போடு உட்கார வேண்டும். "ஷர்ட் போட்டுண்டே உக்காருப்பா, யார் என்ன சொல்லப்போறா?" என்றாள் ஷ்ரேயா. அன்றைக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

ஜூலையில் டாக்டர் சுஷ்மா பயாலஜிக் என்று புது ஊசி ஆரம்பித்தார். உயிருள்ள செல்களில் வளர்த்து எடுப்பதாம். "சைவமான்னு கேளுங்கோ" என்று அனந்தலக்ஷ்மி பின்னாலிருந்து இடித்தாள், நான் கேட்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான், தை வரைக்கும் தாங்குமா? பன்னிரண்டாவது வாரம் தலை, கை, உடம்பு, கால் என்று நாலு பகுதியாக அளந்து பார்ப்பார்களாம். அதற்குள் முக்கால்வாசி குறைந்தால் நெடுநாள் நிற்க வாய்ப்பு அதிகம், ஆனால் யாராலும் முத்திரை குத்திக் கொடுக்க முடியாது என்றார். எடை கூடினால் பலன் குறையலாம் என்று அவர் சொன்னதுதான் தாமதம், வீட்டில் உருளைக்கிழங்கு ரோஸ்ட் நின்றுபோயிற்று. தீபாவளிக்கு எனக்குக் கிடைத்தது லேகியம் மட்டும்.

பதினோராவது வாரம் கண்ணாடியில் பார்த்தால் உடம்பு பளிச்சென்று இருக்கிறது. மனசு கேட்கவில்லை. இங்கே மலை மந்திர் கோவில் முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டிருந்தேன் இல்லையா, டாக்டர் அளப்பதற்கு முன்னால் தீர்த்துவிடலாம் என்று மார்க்கெட் நாவிதரிடம் உட்கார்ந்து "பையா, ஜல்தி" என்றேன். அவரும் சொல்பேச்சு தட்டாதவர். ஜல்தியாகவே ஏழெட்டு இடத்தில் கீறிவிட்டார். பத்தாவது நாள் கீறின இடத்திலெல்லாம், கோடு பிசகாமல், சிவப்பும் செதிலுமாகத் திரும்பி வந்துவிட்டது! டாக்டர் தலையைப் பார்த்து, "பட்டாபிஜி, யே க்யா கியா?", என்ன காரியம் பண்ணினீர்கள் என்றார். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கையும் உடம்பும் காலும் பாஸ், தலை ஃபெயில். இந்த நோய்க்காரர்களுக்குத் தோலில் எங்கே கீறினாலும் அங்கே கிளம்புமாம். "இது மருந்தோட தப்பு இல்லை, உங்க தப்பு" என்று சொல்லி, நாலு வாரம் கழித்து மறுபடி அளக்கிறேன் என்றார். அந்த நாலு வாரமும் குல்லாய் போட்டுக்கொண்டே தூங்கினேன்.

நேற்று அளந்தார். தலையும் சுத்தம்! "அச்சா, தை வரைக்கும் தாங்கும்னுதான் தோணறது. ஆனா ஒரு கீறல், ஒரு சிராய்ப்பு கூடாது" என்று சொல்லி அனுப்பினார். ஆகவே நான் வெற்றுடம்போடு, தலை நிமிர்ந்து, என் பெண்ணை மடியில் உட்கார வைத்துத் தாரை வார்க்கப் போகிறேன். உங்களுக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாவகாசமாக வந்து, சாப்பிட்டு, ஆசீர்வாதம் பண்ணினால் போதும். அக்காவுக்கும் உங்களுக்கும் எங்கள் மூவருடைய நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
பட்டாபி

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் அனந்தலக்ஷ்மியிடம் படிக்கக் கொடுத்தேன். கீறல், சிராய்ப்பு என்ற வரிக்கு வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "கோச்சுக்காதேள். உங்க தலை அப்படி ஆனப்போ நான் ஒண்ணு வேண்டிண்டுட்டேன். சரியாயிட்டா, கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க மூணு சுத்து அங்கப்பிரதட்சணம் பண்றேள்னு." கருங்கல் பிராகாரம், அத்திம்பேர்! உருண்டால் என் முதுகு என்ன ஆகும்? உடனே ஓடிப்போய்க் குருக்களைக் கேட்டோம். நெருங்கின உறவில் வேறொருவர் செய்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்றார். ஆகையால் மேலே எழுதியதை ரத்து செய்துவிட்டு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். உங்களுக்கு நல்ல தோல் என்று அக்கா எப்போதும் சொல்வாள். தை மாத விடியற்காலையில் தில்லியில் கல் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.