ஆமை: ஒன்று

பரசுராமன் அன்றைய வரியில் “ஆமை: 1” என்று எழுதி முடித்த நேரத்தில்தான் போன் அடித்தது.

“ரெண்டு மாநிலக் கமிட்டியும் வியாழக்கிழமை வருது. உங்க ஆமையைப் பார்க்கணுமாம்,” என்றார் இன்ஜினீயர்.

“எந்த ஆமை சார்?”

“பதினோரு வருஷமா தினமும் எழுதறீங்களே, அந்த ஆமை.”

பரசுராமன் எண்ணூர்க் கழிமுகத்தில் ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுபவர். நீர்மட்டம், உப்பு, அரிய ஆற்றாமை என்று மூன்று கட்டங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது முந்தைய ஆள் ஆமைக் கட்டத்தில் 1 போட்டிருந்தார். இவரும் 1 போட்டார். சைபர் போட்டால் ஆமை எங்கே போயிற்று என்று விளக்கம் எழுத வேண்டும். இரண்டு போட்டால் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். ஒன்றைப் போலச் சாதுவான எண் உலகத்தில் கிடையாது.

ஆறு ஆந்திராவில் பிறந்து இங்கே கடலில் கலக்கிறது. இரண்டு வருஷமாக மழை பொய்த்ததில் ஆந்திராப் பக்கத்து மேலணை மதகுகள் மூடிக் கிடந்தன. நல்ல தண்ணீர் வராமல் கழிமுகத்தில் இறால் அற்றுப்போயிற்று. பரசுராமனின் மனைவி பச்சையம்மா இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவள். ஒரு மாதமாகச் சேற்றை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

இரண்டு மாநிலங்களும் கூடிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தன: இருக்கிற தண்ணீர் அரிய ஆற்றாமை வாழும் இடத்துக்கே. ஆமை மேலணையில் மட்டும் இருந்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். கழிமுகத்திலும் இருந்தால் பாதி கீழே வரும். மேலணை ஆமையைக் கமிட்டி திங்கட்கிழமையே பார்த்துவிட்டது. இன்று செவ்வாய்.

காத்திவாக்கத்தில் வலை வீசும் இன்னாசியிடம் போய்க் கேட்டார்.

“ஆத்தாமையா? எங்க நைனா ஒண்ணு பாத்துகீறாரு மாமு. ஆனா அவரு தெளிஞ்சு இருந்த நேரம் கம்மி.”

மதியமே ஓர் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து, பாசி அப்பி, ஆற்று நடுவில் ஒரு கல்லின் மேல் வைத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல ஆமை. ஒரு கொக்கு வந்து அதன் மேல் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

பாலத்தின் மேல் ஜீப்பில் போன இன்ஜினீயரும் பார்த்துவிட்டார்.

“பிரமாதம் பரசுராமன்! அசையவே மாட்டேங்குது, அவ்வளவு சாது. கையால தூக்கி அளந்தே பார்க்கலாம்னு கமிட்டிக்குச் சொல்லிட்டேன்.”

புதன் காலை பரசுராமன் ராயபுரம் பஷீர் பாயிடம் போய் நின்றார். பாய் கிணறு தூர் வாருபவர். வாரி முடித்த கிணற்றில் புழு பூச்சி தின்ன ஓர் ஆமையைச் சில நாள் விட்டுவைத்து, பிறகு எடுத்துக்கொள்வார்.

“ஆமை வோணும் பாய்.”

“கெணறு எங்க கீது?”

“கெணறு இல்ல. ஆறு.”

பாய் மேலும் கீழும் பார்த்தார். “இந்த வாரம் வர்றவனெல்லாம் ஒரு மாதிரியாத்தான் கீறான்,” என்று சாக்குப் பையை நீட்டினார்.

வீட்டு வாசலில் பச்சையம்மா வழிமறித்தாள். “ஆமை பூந்த வூடு வெளங்குமாய்யா?”

“உள்ள வராது. வாசல்லயே குந்திகினு இருக்கும்.”

“குந்தறதுக்கு அது இன்னா உன் மச்சானா?”

“இது இல்லாங்காட்டி தண்ணி இல்ல. தண்ணி இல்லாங்காட்டி எறா இல்ல.”

பச்சையம்மா யோசித்தாள். அவர் குளிக்கப் போன நேரத்தில், தோஷம் கழியட்டும் என்று ஓட்டின் மேல் மஞ்சள் தடவி, எண்ணெயில் குழைத்த குங்குமத்தை எட்டணா அகலத்துக்கு வைத்து, தேங்காயும் உடைத்துவிட்டாள். ஓட்டின் இடுக்கில் ஏற்கெனவே கொஞ்சம் பழைய குங்குமம் இருந்தது.

“யாரோ நல்ல குடும்பத்துல இருந்துகீது,” என்றாள் திருப்தியாக.

பரசுராமன் மணல் போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். ஓடு பளபளத்தது. பொட்டு அதைவிடப் பளபளத்தது.

வியாழக்கிழமை நான்கு கார்களில் கமிட்டி வந்து இறங்கியது. ஆமை கரையில் படுத்திருந்தது. தான் அரிய இனம் என்பது அதற்குத் தெரியாது. ஆய்வாளர் அம்மாள் குனிந்து அளந்தார். நிமிர்ந்தார்.

“காட்டு ஆமைக்குப் பொட்டு ஏது?”

இன்ஜினீயர் பரசுராமனைப் பார்த்தார். பரசுராமன் கடலைப் பார்த்தார். கடல் வேறு பக்கம் பார்த்தது.

மேலணையில் இதே பதிவேடு எழுதும் சுப்பா நாயுடு, கமிட்டியோடு வந்திருந்தார். ஆமையைக் கண்டதிலிருந்து அவர் முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டை நனைந்திருந்தது. இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது, தண்ணீர் போயிற்று என்று பரசுராமன் முடிவு கட்டினார்.

நாயுடு முன்னால் வந்தார்.

“சந்தேகமே வேணாம் மேடம். ஆத்தாமை கரையேறினா பொம்பளைங்க பொட்டு வெச்சுத்தான் அனுப்புவாங்க. எங்க பக்கமும் அதே வழக்கம். அசல் ஆமைங்க! நான் கேரண்டி!”

பரசுராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு மாநிலமும் அங்கேயே, காரின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டன.

மதகு திறந்தது. சனிக்கிழமை செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஞாயிறு காலை பச்சையம்மா கூடையில் ஏழு இறால் துள்ளின.

“ஏழுதானா?”

“போன வாரம் சைபருய்யா. பாய்க்கு நாலு எட்துகினு போ.”

பரசுராமன் நான்கு இறாலும் ஓர் ஆமையுமாக ராயபுரம் போனார். பொட்டோடு திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. பாயின் தொட்டி ஓரம் குந்தி, தேங்காய் நாரை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

“கைய நோவ வெச்சுக்காத நைனா,” என்றார் பஷீர் பாய். “செவ்வாக்கெழம மேலணை நாயுடு திருப்பிக் குட்த்தப்ப, அவரு வூட்டம்மா வெச்ச பொட்டத் தேய்ச்சே எனக்கு இன்னும் தோளு வலிக்குது, பாவம், அவரு ரிஜிஸ்டர்லயும் ஒண்ணுதானாம்.”