பெத்த ஆத்தாவா, மத்த ஆத்தாவா?

ஒரே ஒரு சொல்லைச் சொல்லி ஒரு முழு ஆஸ்பத்திரியைக் காலி செய்தவள் நான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. பெற்றவளைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ‘ஆத்தா’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். பெற்றவள் ஆத்தா. கோயிலில் இருக்கிற மாரியம்மன் ஆத்தா. செல்லம் பொங்கிவிட்டால் இடுப்பில் இருக்கிற பெண் குழந்தையும் ஆத்தாதான். (சிக்கனமான சீமை, சொல்லை மட்டும் வாரி இறைப்போமா?) இதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நாலாவதாக ஒன்று உண்டு. ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தால் அதைப் பெயர் சொல்லிப் பேசக் கூடாது. ‘ஆத்தா வந்திருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும்.

யுத்த காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. திருமயத்தில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. முதலில் உண்டானது ஐந்தாம் மாதமே தவறிப்போயிற்று. இரண்டாவது ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது. ஆனால் எனக்குக் கால் இரண்டும் வீங்கி, முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துக் கிடந்தது. புதுக்கோட்டையில் சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்த லேடி டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை தவறாமல் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

முறைப்படி நான் அப்போது தாய் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏழாம் மாதம் பெற்றவள் கட்டுச்சோறு கொண்டுவந்து, மகளுக்குத் தன் கையால் பரிமாறி, கூட்டிப் போவாள். ஆனால் பங்குனி வெயிலில் வர வேண்டிய அம்மை அந்த வருடம் மார்கழிப் பனியிலேயே வந்து இறங்கிவிட்டது. என் தாய் வீடு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே மேலத் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகியிருந்தது. எங்கள் வீடு கீழத் தெரு. என் மாமியாருக்கு மேலும் கீழும் ஒன்றுதான்.

“பிள்ளைத்தாச்சி அந்தத் தெசையில தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. ஒங்காத்தாளும் இங்கிட்டு வரப்படாது, சொல்லிப்புட்டேன்” என்றார்.

அவர் சொன்னது நியாயம். அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தீபாவளிக்குப் பிறகு என் ஆத்தாவைப் பார்க்கவில்லை என்பதுதான். அவள் வறுத்த மல்லியும் மிளகாயும் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைகிற புளிச்சோறு நினைவுக்கு வந்தால் மாமியார் வீட்டுச் சோறு தொண்டையில் நின்றுவிடும். அதைவிட மோசம் தலை. என் தலையை மடியில் போட்டுப் பேன் பார்க்கும் அவள் விரல்களுக்காக ஏங்கினேன். (பேனே இல்லாத நாளிலும் பார்ப்பாள். இல்லாத பேனை நசுக்குகிற சத்தம்கூட வாயாலேயே கொடுப்பாள்.) வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நானே ஒரு பிள்ளையாக அழுதுகொண்டிருந்தேன்.

அழுதால் போகட்டும். ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்த திமிரில் ஒரு கார்டும் எழுதினேன். ‘வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வருவேன். ஒரு தடவை பார்த்தால் போதும்.’ என் வீட்டுக்காரர் தன் ஆத்தாளுக்குப் பயந்து அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய்த் தபால் பெட்டியில் போட்டார்.

வியாழக்கிழமை வந்தது. மாமியார் என் கழுத்தில் கற்பூரமும் பெருங்காயமும் முடிந்த துணியைக் கட்டினார். கொண்டையில் வேப்பிலை. முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக் கண்ணை மட்டும் வெளியே விட்டார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. ஒவ்வொரு மேட்டிலும் நின்று மூச்சு வாங்கும், கூடவே நானும் வாங்குவேன். பக்கத்தில் யாரும் உட்கார வந்தால் மாமியார் இருமுவார். ஆள் தானாகப் பின்னால் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் பெஞ்சுகளை எல்லாம் எடுத்துவிட்டு, முற்றத்துப் புளியமரத்தடியில் தள்ளித் தள்ளிக் கல் போட்டு வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு கல். எல்லாரும் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகப் பார்த்து, “வீட்டுல ஆத்தா வந்திருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வருவார். “இல்லைங்க” என்று சொன்னால்தான் டாக்டரிடம் போகலாம்.

என் முறை வந்தது. “ஒங்க வீட்டுல எப்படி? ஆத்தா வந்திருக்கா?” என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் அவள் வந்து நின்றாள்.

“வந்திருச்சு!” என்று கத்தினேன். முந்தானை விலகியது, கற்பூர முடிச்சு அறுந்தது, நான் கல்லை விட்டு எழுந்து கை இரண்டையும் தூக்கினேன். “ஆத்தா வந்திருச்சு! எங்க ஆத்தா வந்திருச்சு!”

கம்பவுண்டர் கையில் இருந்த மருந்துப் பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. அவர்தான் முதலில் ஓடினார். அடுத்த கல்லில் முனகிக்கொண்டிருந்தவர் பின்சுவரில் ஏறிக் குதித்தார். முழங்கால் மடக்க முடியவில்லை என்று போன வாரம் முழுவதும் புலம்பிய என் மாமியார் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் போய் நின்றுதான் திரும்பிப் பார்த்தார்.

ஓடியவர்களில் பாதிப் பேர் வாசல்வரை போய் அப்படியே நின்றுவிட்டார்கள். காரணம் என் ஆத்தாவின் கோலம். மகளுக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாதே என்று, வருகிற வழியில் குளத்தில் இறங்கி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக் குளித்திருக்கிறாள். முகம் மஞ்சள். கட்டியிருந்தது மஞ்சள் புடவை. ஈரம் உலரட்டும் என்று தலைமுடியை விரித்துவிட்டிருந்தாள். இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலை, கையில் தூக்குச்சட்டி.

“தாயே!” என்று ஓர் அம்மாள் தரையில் விழுந்தார். “ஓடாதீங்க! ஆத்தா நேர்ல வந்திருக்கா. ஓடுனா கோவிச்சுக்குவா!”

ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக என் ஆத்தாவின் காலில் விழுந்தார்கள். அவள் மிரண்டுபோய்ப் பின்வாங்கினாள்.

“அய்யோ, எந்திரிங்க. நான் அந்தப் பிள்ளையப் பெத்தவங்க” என்று என்னைக் காட்டினாள்.

“ஆமா தாயே! நாங்க எல்லாருமே நீ பெத்த பிள்ளைகதான்!”

“இல்லைங்க, நான் அவளுக்குச் சோறு கொண்டாந்தேன்.”

சோறு என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், எல்லாரும் கையை ஏந்தினார்கள். ஏந்திய கைக்கு இல்லை என்று சொல்லி என் ஆத்தாவுக்குப் பழக்கம் கிடையாது. தூக்குச்சட்டியைத் திறந்தாள். புளிச்சோற்று வாசம் கல் பக்கத்தில் நின்ற என்வரைக்கும் வந்தது. மூன்று மாதம் நான் கனவு கண்ட கட்டுச்சோறு, கண் முன்னால் கைப்பிடி கைப்பிடியாகப் பிரசாதமாகிக் கொண்டிருந்தது. (கம்பவுண்டர் இரண்டு தடவை வாங்கினார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

சத்தம் கேட்டு லேடி டாக்டர் வெளியே வந்தார். ஒரு அதட்டலில் கூட்டம் கலைந்தது. என் ஆத்தாவின் முகத்தில் பழைய அம்மைத் தழும்புகளைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு வந்து போயிருக்கா?”

“சின்ன வயசுலயே வந்து போயிருச்சுங்க.”

“ஊர்ல இருக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். “மேலத் தெருவுல இருக்குங்க” என்றாள் என் ஆத்தா.

டாக்டர் கோபப்படவில்லை. “ஒங்களுக்கு இனிமே வராதும்மா. ஆனா துணியில, பாத்திரத்துல கூட வந்துரும். அங்கயே மரத்தடியில இருந்து பாருங்க. கிட்ட வரக் கூடாது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒண்ணு போனது போதாதா? இதையும் விடணுமா?”

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் புத்தி வந்தது. நான் எழுதிய ஒரு கார்டு எதை எதையெல்லாம் என் வயிற்றுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று அதுவரை நான் நினைத்தே பார்க்கவில்லை.

அவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் பத்தடி தள்ளிக் கல்லில் உட்கார்ந்தேன்.

“கால் வீக்கம் வடிஞ்சிச்சா?”

“கொஞ்சம் பரவால்ல ஆத்தா.”

“தலை என்ன இப்படிக் கெடக்கு? சீவிவிட ஆளில்லையா?” என்றாள். அப்படிக் கேட்கும்போதே மடியில் இருந்த அவள் விரல்கள் தாமாக அசைந்தன. வகிடு எடுப்பதும் விலக்குவதும் நசுக்குவதுமாக, வெறும் புடவையின் மேல் அசைந்துகொண்டே இருந்தன. எழுந்து ஓடிப் போய் அந்த மடியில் தலையை வைத்துவிடலாம் போல இருந்தது. அப்போது பார்த்து வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எனக்கு ஒரு பருக்கைகூட வைக்கலையே” என்றேன்.

அவள் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். “என்னத்தா செய்யிறது, சாமியாக்கிப்புட்டாங்களே. சாமி பசியாறச் சொல்லாம அனுப்புமா?” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பிலேயே அது அழுகையாகிவிட்டது.

டீக்கடையில் இருந்து மாமியார் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார். ஆத்தா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். எங்கே போனாலும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லாமல் கிளம்பாதவள், அன்றைக்கு வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அம்மை நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொன்னால் போனது திரும்பி வரும் என்பார்கள். ஒன்றும் சொல்லாமல் நடந்தாள், திரும்பிப் பார்க்கவும் இல்லை. கரி பஸ் திருமயம் வந்து சேரும்வரை அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அழுதேன். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் வழியில் ஒரு இடத்தில் என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மாசியில் மகள் பிறந்தாள். பெரிய தழும்பும் இல்லை, சின்னத் தழும்பும் இல்லை. வைகாசியில் ஒரு மழை பெய்து, என் தாய் வீட்டு ஊரில் வாசல்களில் இருந்த வேப்பிலையை எல்லாம் எடுத்த பிறகு, ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. “யாரு?” என்றார் மாமியார்.

“நாந்தான் சம்மந்தி, ஆத்தா வந்திருக்கேன்.”

மாமியார் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: “பெத்த ஆத்தாவா, மத்த ஆத்தாவா?”

“பெத்த ஆத்தாதான். சோறு கொண்டாந்திருக்கேன்.”

தூக்குச்சட்டியில் பாதியை நானே தின்றேன். பிறகு அவள் மடியில் தலையை வைத்து, என் மகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை தூங்கினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் அந்தக் கேள்வி உண்டு. தபால்காரரிடமும் கேட்டிருக்கிறோம். இப்போது பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், முழுக் கதை தெரியாமலேயே.

மத்த ஆத்தா உலகத்தை விட்டே போய்விட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். நல்லபடியாகப் போகட்டும். பெத்த ஆத்தா போயும் வெகு வருடமாகிறது. ஆனால் கடைசியாக வந்திருந்தபோது அவள் சொல்லாமல் கிளம்பவில்லை. வாசலில் நின்று என் தலையைத் தடவி, “போயிட்டு வாரேன்” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்ன சொல் தவறாதவள். அதனால் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுப் பிள்ளைகள் “பெத்த ஆத்தாவா, மத்த ஆத்தாவா?” என்று கத்தும்போது, நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, பதில் வருகிறவரைக்கும் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.